நந்திதா தாஸும் எங்கள் வீட்டு முகப்பூச்சும்

'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தை எங்கள் வீட்டில் எத்தனை தடவை பார்த்திருப்போம் என்று கணக்கில்லை. உம்மா அமுதாவுக்காக அழுவார். வாப்பா, மாங்குளம் என்ற பெயர் காதில் விழுந்ததும் யுத்தகாலத்தில் வவுனியாவுக்கு மிளகும் சாதிக்காயும் கொண்டுபோன கதையைத் தொடங்கிவிடுவார். நான் ஷியாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். படத்தின் தொடக்கத்தில் அவர் மணப்பெண்ணாக வருகிறார். பிறகு முகாமில் பிள்ளையைப் பெற்றுவிட்டுப் போய்விடுகிறார். கடைசியில் மழையில் மகளுக்கு எதிரே வந்து நிற்கிறார். இடையில் படம் முழுவதும் அவரைத் தேடுகிறார்களே தவிர, அவர் வருவதில்லை.

"அவ ஒன்னப் போலவே ஈக்கிறா புள்ள" என்று ராத்தா ஒரு நாள் சொன்னாள். முகவெட்டைச் சொல்லவில்லை. நிறத்தைத்தான் சொன்னாள்.

அந்த நடிகையின் பெயர் நந்திதா தாஸ் என்பது எனக்கு அப்போது தெரியாது. உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பாடத்துக்கு ஒரு திரைக்கலைஞரைப் பற்றி ஒப்படை செய்ய வேண்டி வந்தபோதுதான் அவரைப் பற்றித் தேடி வாசித்தேன். அந்த ஒப்படை எப்போதோ கொடுத்து முடிந்துவிட்டது. ஆனாலும் வாசித்தவை என்னை விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். "நம்முடைய சஞ்சிகையில் நடிகையைப் பற்றியா?" என்று கேட்ட தோழியரிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருடைய எல்லாப் படங்களையும் நான் பார்க்கவில்லை. அவரை முதன்முதலில் வெளியுலகம் அறியச் செய்த 1996 ஆம் ஆண்டுப் படம் பெரிய சர்ச்சைக்கு உள்ளானது. அதைப் பற்றி எழுத நான் வரவில்லை. ஒரு முகத்துக்கு எந்தெந்தப் பாத்திரத்தைக் கொடுக்கலாம் என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நந்திதா தாஸ் 1969 நவம்பர் 7 ஆம் திகதி மும்பாயில் பிறந்து டில்லியில் வளர்ந்தவர். தந்தை ஜதின் தாஸ் ஒடிசாவைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவியர். கைவிசிறிகளைத் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருப்பதற்காகவும் அவரைப் பலருக்குத் தெரியும். தாய் வர்ஷா தாஸ் எழுத்தாளர். மகள் டில்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் புவியியல் படித்தார், பிறகு சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். ரிஷி வேலி பாடசாலையில் சில காலம் படிப்பித்தும் இருக்கிறார். நடிப்பு தெருவிலிருந்து தொடங்கியது. சப்தர் ஹாஷ்மியின் ஜன நாட்டிய மஞ்ச் என்ற வீதி நாடகக் குழுவில் அவர் இருந்தார். 1989 ஆம் ஆண்டு முதல் நாளில், வீதி நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். வேடமும் மேடையும் இல்லாமல், மக்கள் நடந்து போகும் இடத்தில் நின்று நடிக்கிற அந்தப் பள்ளியில் பழகியவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னாளில் அவர் எடுத்த முடிவுகள் பல விளங்கும்.

அவர் நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களில், பத்து மொழிகளில் நடித்திருக்கிறார். பெரும்பாலானவை பெரிய வசூலை நம்பி எடுத்தவை அல்ல. 1998 இல் தீபா மேத்தாவின் '1947 ஏர்த்' படத்தில் லாகூரில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் ஆயா. 2000 இல் வந்த 'பவந்தர்' படத்தில் ராஜஸ்தானின் ஒரு கிராமத்துப் பெண், தனக்கு நடந்த கொடுமைக்கு நீதி கேட்டுப் போகிறவள். 2002 இல் தங்கர் பச்சானின் 'அழகி' படத்தில் தனலட்சுமி, பாடசாலைக் காலத்தில் நேசித்தவனின் வீட்டுக்கே வேலைக்காரியாக வந்து சேர்கிற விதவை. அதே ஆண்டில்தான் நம்முடைய ஷியாமாவும். மிருணாள் சென்னின் 'ஆமார் புவன்' என்ற வங்காளப் படத்துக்காக கெய்ரோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்ததும் 2002 இல்தான். 2008 இல் மெஹ்ரீன் ஜப்பார் என்ற பாகிஸ்தானியப் பெண் இயக்கிய 'ராம்சந்த் பாகிஸ்தானி' படத்தில், எல்லையைத் தாண்டிச் சிறைப்பட்ட கணவனையும் மகனையும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஏழைத் தாய். 2012 இல் சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை'யில் முதிய எஸ்தர், கடலுக்குப் போய்த் திரும்பி வராத மீனவனின் மனைவி.

ஒப்படைக்காக இவற்றையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிவிட்டுப் பார்த்தேன். ஆயா, கிராமத்துப் பெண், வேலைக்காரி, அகதி, ஏழைத் தாய், மீனவப் பெண். இவற்றை அவர் தெரிந்தே விரும்பி ஏற்றார் என்பதில் சந்தேகமில்லை. இந்தப் பெண்களின் கதையைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நடித்தவர் அவர். என்றாலும் இந்தப் பட்டியலுக்குப் பின்னால் இன்னொரு விடயமும் இருக்கிறது. அதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிராமத்துப் பெண்ணாகவோ சேரிப் பெண்ணாகவோ நடிக்கும்போது அவருடைய நிறத்தைப் பற்றி எவரும் எதுவும் சொல்வதில்லை, பொருத்தமாக இருக்கிறது என்று புகழ்வார்கள். படித்த, வசதியான பெண்ணாக நடிக்கிற நேரம் வந்துவிட்டால் மட்டும் இயக்குநரோ, ஒளிப்பதிவாளரோ, ஒப்பனைக்காரரோ வந்து, கொஞ்சம் நிறத்தைக் கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். அவர் மறுத்துவிடுவார்.

இதை வாசித்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஏழாம் ஆண்டிலிருந்து நான் தமிழ்மொழித் தினப் போட்டி நாடகங்களில் நடித்து வருகிறேன். ஏழில் பிச்சைக்காரி. எட்டில் வீட்டு வேலைக்காரி. ஒன்பதில் கொழுந்து பறிக்கும் பெண். நன்றாகச் செய்கிறாய் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சந்தோஷப்பட்டேன். பத்தாம் ஆண்டில் கோட்டமட்டப் போட்டிக்கு முதல் நாள், டொக்டராக நடிக்க இருந்த பிள்ளைக்கு டெங்கு வந்துவிட்டது. எல்லாருடைய வசனமும் எனக்குப் பாடம் என்பதால் டொக்டர் பாத்திரம் எனக்கு வந்தது. வெள்ளைக் கோட்டைப் போட்டு, காகித அட்டையில் செய்த ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றேன். அப்போது நாடகத்துக்குப் பொறுப்பாக இருந்த டீச்சர் பவுடர் டப்பாவுடன் வந்து என் முகத்தில் ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை பூசினார். "டொக்டர் கொஞ்சம் வெளிச்சமா இருக்கோணும் மகள்" என்றார். அவர் என் மேல் அன்பானவர். என்னை நோகடிக்க வேண்டும் என்று ஒரு துளியும் நினைத்திருக்க மாட்டார். மூன்று வருடமாக வேலைக்காரிக்கும் பிச்சைக்காரிக்கும் போதுமாயிருந்த முகம் டொக்டருக்குப் போதவில்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. உண்மையில் அன்று எனக்கும் தோன்றவில்லை. பவுடர் வியர்வையில் கரைந்து கோட்டின் கழுத்தில் வெள்ளையாய்ப் படிந்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

எங்கள் வகுப்பில் மேலே படிக்கப் போகிறவர்கள் பலர். எங்களை டொக்டராகவும் சட்டத்தரணியாகவும் அதிபராகவும் நினைத்துப் பார்க்க முதலில் பழக வேண்டியவர்கள் எங்கள் வீட்டாரும் நாங்களும்தான். நடிகையின் பேட்டி ஒன்று எனக்கு முக்கியமாகப் பட்டது அதனால்தான்.

இனி ராத்தாவின் விடயம். அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

ராத்தா முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் கலியாணம் பேசத் தொடங்கினார்கள். முதலில் வந்த இடம் ஜாதகம் ஒன்றும் பார்க்கிற இடமில்லை, சீதனமும் கேட்கவில்லை. உம்மா வட்டிலப்பம் செய்து வைத்தார். வந்த பெண்கள் சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசினார்கள், ராத்தாவின் கையைப் பிடித்துத் துஆச் செய்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் புரோக்கர் சொன்ன பதில்: "புள்ள தங்கமான புள்ள. நெறந்தான் கொஞ்சம் கொறவு."

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. நாம் உடம்பை மறைத்து உடுத்துகிறோம். பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிவது முகமும் இரண்டு கைகளும் மட்டும். ஆகவே நிறத்தைப் பற்றிய பேச்சு எல்லாம் முகத்தின் மேலேயே வந்து விழுகிறது. மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் பிலால் ரழியல்லாஹு அன்ஹு அவர்களைப் பற்றியும், கறுப்பரை விட வெள்ளையருக்கு மேன்மை இல்லை என்ற இறுதிப் பேருரையைப் பற்றியும் நான் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்த ஒரு மாமி பரிசைப் பார்த்துவிட்டு, "மேடையில லைட்டுக்குக் கீழ கருப்பாத் தெரிஞ்சீப்பாய்" என்றார்.

அந்த மாமிதான் ராத்தாவுக்கு முகப்பூச்சும் கொண்டு வந்தவர். பெயர் ஒட்டாத ஒரு சின்ன வெள்ளை டப்பா. எங்கே செய்தது, என்ன கலந்தது, ஒன்றும் இல்லை. 1800 ரூபா. இரவில் பூச வேண்டும். மூன்று கிழமையில் ராத்தாவின் முகம் உண்மையாகவே வெளுத்தது. கைகள் வெளுக்கவில்லை. "மொகம் ஒரு ஊரு, கை ஒரு ஊரா ஈக்கி" என்று உம்மும்மா சொன்னார். நாங்கள் சிரித்தோம், ராத்தாவும் சிரித்தாள். இரண்டாம் மாதம் கன்னம் எரியத் தொடங்கியது. வெயிலில் போனால் சிவந்து தடித்தது. பூசுவதை நிறுத்தியதும் கன்ன எலும்பின் மேல் திட்டுத் திட்டாய் முன்னைவிடக் கறுத்தது. அந்தத் திட்டுகளோடு முன்பள்ளிக்குப் போனால் பிள்ளைகள் தொட்டுப் பார்த்து, "டீச்சர், சுட்டுட்டா?" என்று கேட்டார்களாம்.

தோல் கிளினிக்கில் டொக்டர் விளக்கமாகச் சொன்னார். பெயரில்லாமல் விற்கும் இப்படியான பூச்சுகளில் பாதரசம் கலந்திருக்கக்கூடும். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அது உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால்தான் முதலில் வெளுக்கிறது. மெலனின்தான் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து தோலைக் காப்பது. அதைக் குறைத்துவிட்டு நம்முடைய வெயிலில் நடந்தால் தோல் என்ன செய்யும்? பாதரசம் தோலோடு நிற்பதும் இல்லை. உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வேறு சில பூச்சுகளில் கடுமையான ஸ்டெரொயிட் மருந்து இருக்கும். அது தோலை மெல்லியதாக்கிவிடும். பெற்றோர் இதை வாசிப்பதால் சற்று விரிவாக எழுதினேன். டப்பாவில் பெயரும் உற்பத்தியாளரும் உள்ளடக்கமும் இல்லையென்றால் வீட்டுக்குள் எடுக்க வேண்டாம் என்று அந்த டொக்டர் உம்மாவிடம் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

(எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. தம்புள்ளைக்குப் போகும் வீதியில் இருக்கிற வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள். தோள் இரண்டும் வெயிலில் இறால் போலச் சிவந்திருக்கும். கடற்கரையில் படுத்துக் கறுப்பதற்காகக் காசு கட்டி வந்தவர்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே எங்கள் ஆட்கள் குடையை விரிப்பார்கள்.)

நந்திதா தாஸ் இந்த விடயத்தில் வெளிப்படையாக இறங்கியது 2013 இல். சென்னையில் 'விமன் ஆஃப் வர்த்' என்ற அமைப்பு 2009 இல் தொடங்கிய 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்துக்கு அவர் முகமாக நின்றார். அதற்குப் பிறகுதான் அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. நிறத்தால் வேலை போனவர்கள், கலியாணம் குழம்பியவர்கள், சாவைப் பற்றி யோசித்த இளம் பெண்கள் கூட எழுதினார்கள். அவர் தன் படத்தைப் பத்திரிகைகள் வெளுப்பாக்கி அச்சிட்டதையும் சொல்லியிருக்கிறார். அந்த இயக்கத்தையே 2019 இல் 'இந்தியாஸ் காட் கலர்' என்று வேறு வடிவில் மீண்டும் எடுத்தார். அடுத்த ஆண்டு, 1975 முதல் விற்பனையில் இருந்த 'ஃபெயார் அன்ட் லவ்லி'யின் பெயர் 'க்ளோ அன்ட் லவ்லி' என்று மாறியது. இந்தியாவின் பெரிய கலியாண இணையத்தளம் ஒன்று, தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. எங்கள் சந்திக் கடையில் கயிற்றில் தொங்கும் சின்னப் பைக்கட்டுகளிலும் பெயர் மாறித்தான் இருக்கிறது. வாங்குகிறவர்கள் பழைய பெயரையே சொல்லிக் கேட்கிறார்கள், கடைக்காரரும் எடுத்துக் கொடுக்கிறார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கறுப்பும் அழகுதான் என்ற அந்தச் சுலோகம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதுவும் பெண்ணிடம் அழகைத்தானே தேடுகிறது? நந்திதா தாஸ் செய்த மற்ற வேலை எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. படித்த பெண்ணாக நடிக்கும்போது முகத்தை மாற்றமாட்டேன் என்று மறுத்தது. அதற்கும் மேலே போய், யார் எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கிற கதிரையிலேயே போய் அமர்ந்தது. 2008 இல் அவர் முதற்படம் 'ஃபிராக்' இயக்கினார். அரபு படிக்கும் நமக்கு அந்தச் சொல் தெரியும், பிரிவு. 2002 இல் குஜராத்தில் நடந்த கலவரத்துக்கு ஒரு மாதத்துக்குப் பின் ஒரே நாளில் சில வீடுகளில் நடப்பதுதான் கதை. அதில் வரும் ஓர் இந்துக் குடும்பப் பெண், உயிருக்குப் பயந்து ஓடிவந்து தட்டிய முஸ்லிம் பெண்ணுக்குக் கதவு திறக்காத நினைவால் தூங்க முடியாமல் தவிக்கிறாள். திகனையிலும் அக்குறணையிலும் 2018 மார்ச்சில் நடந்ததைப் பக்கத்து மாவட்டத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கதவு வெறும் சினிமாக் கதவு அல்ல. பிறகு 2018 இல் உருது எழுத்தாளர் சாதத் ஹசன் மண்டோவைப் பற்றிய 'மண்டோ'. அதன் கதாநாயகன் நவாசுதீன் சித்தீக்கி ஒரே ஒரு ரூபா சம்பளம் வாங்கி நடித்தார். 2022 இல் புவனேஸ்வரத்தில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவனைப் பற்றிய 'ஸ்விகாட்டோ'.

அவருடைய உடையைப் பற்றியும் எழுத வேண்டும். அவரைப் பற்றிப் பேசுகிற பெண்கள் முதலில் சொல்வது அதைத்தான். கைத்தறிப் பருத்திச் சேலை, வெள்ளி நகை, கண்ணில் மை. அவ்வளவுதான். 2005 இல் பிரான்சின் கேன்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவில் அவர் இருந்தார். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் டோனி மோரிசனும் அதே குழுவில் இருந்தார். உலகத்தின் விலை கூடிய கவுன்கள் எல்லாம் வந்து இறங்குகிற அந்தச் சிவப்புக் கம்பளத்தில் நந்திதா தாஸ் சேலையில் நடந்தார். 2013 இலும் நடுவராகப் போனார், 2018 இல் 'மண்டோ' படத்தோடு போனார். அவருக்கு அது ஒரு கோலம் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் உடுத்துகிறதையே அங்கேயும் உடுத்தினார். அதனாலேயே அது மற்றவர்களுக்கு மாதிரியாயிற்று.

இதை விளங்கிக்கொள்ள நாம் கேன்ஸுக்குப் போக வேண்டியதில்லை. மாத்தளை நகரத்திலிருந்து கொஞ்ச தூரம் வடக்கே போனால் அலுவிகாரை. அங்கேதான் ஈனா டி சில்வா இருந்தார். இலங்கையின் முதல் உள்நாட்டுப் பொலிஸ் மா அதிபர் சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகள் அவர். 1960களில் இலங்கையில் பத்திக் துணிக்குப் புது வாழ்வு கொடுத்தார். பிறகு 1980களில் சொந்த ஊருக்கே திரும்பி, ஊர்ப் பெண்களை வைத்து பத்திக்கும் பூவேலையும் செய்கிற மாத்தளை மரபுரிமை நிலையத்தை நடத்தினார். 2015 இல் இறந்தார். ஒன்பதாம் ஆண்டில் எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். மெழுகு மணக்கிற ஒரு நீளமான அறையில் வயதான பெண்கள் சிலர் துணியில் குனிந்திருந்தார்கள். ஒருவரின் விரல்களில் நீலச் சாயம் நகத்துக்குள் வரை ஏறியிருந்தது. அவர் அந்தக் கையை மறைக்கவில்லை, எங்களுக்குத் துணியை விரித்துக் காட்டினார். அன்றிலிருந்து எனக்கு அந்தக் கறுப்பும் நீலமும் சேர்ந்த நிறம் மீது ஒரு பிரியம். பெருநாளைக்கு அந்த நிறத்தில் உடுப்புக் கேட்டபோது, "ஒனக்கு அது எடுக்காது" என்று கடையில் சொன்னார்கள். நான் அதையே எடுத்தேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ராத்தாவின் முகத்தில் திட்டுகள் இப்போது பெரும்பாலும் மங்கிவிட்டன. போன மாதம் புரோக்கருக்குக் கொடுக்கப் புதிய படம் எடுக்க நகரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். படம் எடுத்த தம்பி கொம்பியூட்டரில் ராத்தாவின் முகத்தைப் பெரிதாக்கி, கேட்காமலே ஒரு பொத்தானை அழுத்தினார். முகம் பால் போல ஆகிவிட்டது. உம்மா என்னைப் பார்த்தார், நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா கதிரையிலிருந்து எழும்பி வந்து திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது யாருடைய படம் தம்பி? எண்ட படத்தத் தாங்க" என்றாள்.

அவர் பொத்தானைத் திரும்ப அழுத்தினார். ஆறு பிரதி எடுத்தோம். இரண்டு இடத்துக்குப் போயிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. ஒரு பிரதியை ராத்தா தன் முன்பள்ளி அடையாள அட்டைக்கு ஒட்டிக்கொண்டாள்.